சலம் கசிவதும் அடி இறங்குவதும்: திருகோணமலைப் பெண்கள் என்னிடம் கேட்டவை

குடும்பநல மாதுவாக வீடு வீடாகப் போன காலத்தில், வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கும் கொடியைத்தான் முதலில் பார்ப்பேன். குழந்தையின் துணி வெயிலில் காய்கிறதா என்று பார்க்கப் போனவளுக்கு வேறொன்று கண்ணில் படத் தொடங்கியது. கணவரின் சாரத்துக்கு அடியில் மறைத்துப் போட்ட பழைய சீலைத் துண்டுகள். மாதவிடாய் நின்று பத்து வருடமான அம்மாக்களின் வீட்டிலும் அவை காய்ந்தன. "இது என்னத்துக்கு அம்மா?" என்று கேட்டால் "சும்மா, அடுப்படிக்கு" என்பார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. விறாந்தையில் உட்கார்ந்து தேநீர் குடித்து, பிள்ளைகளைப் பற்றிக் கதைத்து, எழும்பிப் போகும்போது படலையடியில் நின்று மெல்லக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால் எழுதி வைக்கிறேன். சிறுநீரைச் சலம் என்றே எழுதுகிறேன். கேட்டவர்களின் சொல் அதுதான்.

"இடுப்புத்தளத் தசை பலவீனம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது?"

கதிரையில் உட்காரும்போது கதிரை தொடும் இடத்துக்கு உட்புறம். முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வால் எலும்பு. இரண்டுக்கும் நடுவே ஏணை கட்டினாற்போல் தசைகள் விரிந்து கிடக்கின்றன. ஏணைக்குள் பிள்ளை கிடப்பதுபோல் அவற்றின் மேல் சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் இருக்கின்றன. சலவாசல், பிறப்புவாசல், மலவாசல் மூன்றும் இந்த ஏணையைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன.

ஏணைச் சீலை தளர்ந்தால் பிள்ளையின் முதுகு தரையில் முட்டும். இங்கே நடப்பதும் அதுதான். தாங்குவது, தேவையான நேரத்தில் இறுக்கி மூடுவது, தேவையான நேரத்தில் தளர்ந்து வழிவிடுவது என இந்தத் தசைகளுக்கு மூன்று வேலைகள். மூன்றாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

"இருமினால் எனக்குக் கசிகிறது. என் தங்கச்சிக்கு இருமினால் ஒன்றுமில்லை, ஆனால் கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் போய்விடுகிறது. இரண்டும் ஒன்றா?"

வேறு வேறு. இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, தண்ணீர்க் கானைத் தூக்கும்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. வயிற்றின் அழுத்தத்துக்கு ஈடாக வாசலை மூட முடியவில்லை. உங்கள் தங்கச்சிக்கு இருப்பது அவசரக் கசிவு. சலப்பை நிரம்புவதற்கு முன்னரே சுருங்குகிறது. சந்தைக்குப் போய் வந்து, திறப்பைப் பூட்டில் போட்டவுடன் அடக்க முடியாமல் வருகிறது என்பார்களே, அது. குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே சிலருக்கு வந்துவிடும். இரண்டும் சேர்ந்து வருபவர்களும் நிறைய உண்டு.

எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அந்தக் கொப்பியுடன் போனால் வைத்தியருக்கும் நேரம் மிச்சம்.

"பிள்ளை பெற்றவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் என்று அம்மா சொல்கிறார். உண்மைதானா?"

நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மை. அதனால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது பொய். பல்லில் சூத்தையும்தான் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்காக யாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அவருடைய அம்மா சொன்னது அது. எனக்கு மூத்தவன் பிறந்த பிறகு தும்மினால் நனைந்தது. நான் இந்தத் தொழிலில் இருப்பவள் என்று தெரிந்துகொண்டே ஒரு வைத்தியர் "பிள்ளை பெற்றால் இதெல்லாம் இருக்கும்தானே" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அதன் பிறகு நான்கு வருடம் நான் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த நான்கு வருடமும் மற்றப் பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடும் பாலூட்டலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"எனக்கு இரண்டு பிள்ளைகளும் சீசர். பிறகு ஏன் எனக்கு வருகிறது?"

ஒன்பது மாதம் பிள்ளையைச் சுமந்ததும் அந்தத் தசைதானே. சாதாரணப் பிரசவத்தோடு ஒப்பிட்டால் சீசரில் ஆபத்து குறைவு, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. பெரிய எடையுள்ள பிள்ளை, நீண்ட நேரம் முக்கிய பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம் ஆகியவை தசைக்கும் நரம்புக்கும் கூடுதல் சேதம் செய்யும்.

பிள்ளையே பெறாதவர்களுக்கும் வருகிறது. தீராத மலச்சிக்கல், விறகடுப்புப் புகையில் வந்த நாட்பட்ட இருமல், உடல் எடை, பாரம் தூக்கும் வேலை, மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரஜன் குறைவது, பிறவியிலேயே இழையங்கள் தளர்வாக இருப்பது எனக் காரணங்கள் பல. தம்பலகாமத்தில் நெல்மூட்டை தூக்கிய பெண்களிடமும் மூதூர்ப் பக்கம் தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்த பெண்களிடமும் இதை அதிகம் கண்டேன். 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் வருடக்கணக்காக இருந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: இரவில் கழிப்பறைக்குப் போகப் பயந்து விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்த கதை.

"தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். அது நல்லதுதானே?"

கூடாது. தண்ணீர் குறைந்தால் சலம் கடுமையாகிச் சலப்பையை எரிச்சலூட்டும்; அவசரம் இன்னும் கூடும். சலக்கடுப்பு வரும். மலம் இறுகும். இறுகிய மலத்துக்கு முக்கினால் தசை இன்னும் தளரும். இப்படியே சுற்றிச் சுற்றி வரும். கந்தசஷ்டி விரதம் முடிந்த கிழமையில் இந்தத் தொல்லையோடு வருபவர்கள் அதிகம் என்பது என் அனுபவம். நம் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு லீட்டர் வேண்டும். வேண்டுமானால் சாயத் தண்ணீரைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு கோப்பை பிளேன்ரீ குடித்துவிட்டு அவசரம் என்று அழுபவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருத்தியாக இருந்தேன்.

"அந்தப் பயிற்சியை எப்படிச் செய்வது? காகிதத்தில் கொடுத்தார்கள், விளங்கவில்லை."

அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னல்ட் கீகல் 1948இல் எழுதியதிலிருந்து இதைக் கீகல் பயிற்சி என்கிறார்கள். முதலில் தசையைக் கண்டுபிடிக்க வேண்டும். பந்தியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறீர்கள், காற்றுப் பிரியப் பார்க்கிறது, பக்கத்தில் சம்பந்தியம்மா. என்ன செய்வீர்கள்? பின்வாசலை உள்ளே இழுத்து இறுக்குவீர்கள். அந்தத் தசைதான். அதே இழுப்பை முன்பக்கமும் கொண்டுவந்து, உள்ளுக்கும் மேலுக்குமாகத் தூக்குங்கள். குண்டியையோ தொடையையோ இறுக்கக் கூடாது, வயிற்றை முக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது.

படுத்தபடி தொடங்குங்கள். இறுக்கித் தூக்கி மூன்று எண்ணும்வரை பிடித்து, முழுவதும் விடுங்கள். விட்ட பிறகு அதே அளவு நேரம் ஆறவிடுங்கள். இப்படி எட்டுத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழகப் பிடிக்கும் நேரத்தைப் பத்து எண்ணும்வரை கூட்டலாம். அதன் பின்னர் பிடிக்காமல் டக் டக்கென்று பத்துத் தடவை. இருமல் வருவதை உணர்ந்தவுடன், பாரம் தூக்குவதற்குச் சற்று முன்னர், இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். இந்த ஒன்று கைவந்தாலே பலருக்குக் கசிவு பெரிதாகக் குறைந்துவிடுகிறது.

சலம் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்லிச் சிலர் சொல்கிறார்கள். அதைப் பயிற்சியாகச் செய்ய வேண்டாம். சலப்பை முழுவதும் காலியாகாமல் போகும்.

"தங்கச்சிக்கு வரும் அவசரத்துக்கும் இதே பயிற்சியா?"

பயிற்சியும் வேண்டும், கூடவே சலப்பைக்குப் பொறுமை பழக்க வேண்டும். அவசரம் வந்தவுடன் ஓடாதீர்கள். ஓட ஓட அது விரட்டும். நின்ற இடத்தில் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள், ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள், அலை தணிந்ததும் நடந்து போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போகிறவர் அதை ஒன்றேகால் மணித்தியாலமாக்கி, பின்னர் ஒன்றரையாக்கி, மெல்ல மெல்ல மூன்று மணித்தியாலம்வரை கொண்டுபோகலாம். குறைந்தது ஆறு கிழமை எடுக்கும். வெளியே கிளம்பும் முன்னர் "எதற்கும் ஒருமுறை" என்று போகும் பழக்கத்தையும் விடுங்கள். அதுதான் சலப்பையைக் கொஞ்சத்துக்கே குரல் கொடுக்கப் பழக்குகிறது.

"இரண்டு கிழமை செய்தேன். ஒன்றும் மாறவில்லையே?"

மூன்று மாதம்.

"செய்யச் செய்ய எனக்கு வலி கூடுகிறது. விடாமல் செய்யவா?"

நிறுத்துங்கள். ஏணை உவமையைச் சொல்லும்போது மூன்றாவது வேலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, விடாமல் இறுகிப்போயிருக்கும். சலம் தொடங்கத் தாமதம், முழுவதும் போகாத உணர்வு, மலம் போக முக்கல், நாரியிலும் அடிவயிற்றிலும் இழுவை, கணவனோடு சேரும்போது வலி. பயமும் பழைய காயமும், விருப்பமில்லாமல் நடந்தவையும்கூட இந்த இறுக்கத்துக்குள் ஒளிந்திருப்பது உண்டு. இவர்களுக்கு வேண்டியது இறுக்கப் பழகுவதல்ல, விடப் பழகுவது: வயிறு புடைக்க மூச்சை உள்ளே எடுத்து, அடி தானாகக் கீழே இறங்க விடுவது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டித்தான் செய்ய வேண்டும். கைப்பேசிக் காணொளி பார்த்து எல்லோரும் இறுக்குவது எனக்கு அவ்வளவு பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

"குளிக்கும்போது கையில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. புற்றுநோயா?"

அநேகமாக அடி இறங்கியிருக்கும். பிறப்புவாசலின் முன்சுவர் தளர்ந்தால் சலப்பையும் பின்சுவர் தளர்ந்தால் மலக்குடலும் உள்ளே புடைத்து வரும். நடுவில் கர்ப்பப்பையும் இறங்கலாம். காலையில் தெரியாது, மாலையில் பாரமாக இழுக்கும், படுத்தால் உள்ளே போகும். அப்படியானால் இதுதான் என்று ஓரளவு நம்பலாம். ஆனால் பரிசோதிக்காமல் நானோ நீங்களோ முடிவு கட்டக் கூடாது.

நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் பெண்ணுக்கே தெரியாது. நான்காவதில் முழுவதும் வெளியே. பிள்ளை பெற்ற பெண்களைப் பரிசோதித்தால் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஏதோ ஓரளவு இறக்கம் தெரியும். தொல்லைப்படுபவர்கள் அவர்களில் ஒரு பங்குதான். தொல்லை இல்லாத இறக்கத்துக்குச் சிகிச்சை வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தும் இல்லை.

"அது தெரிந்த நாளிலிருந்து என்னையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இது என் மனக்கோளாறா?"

இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்டது ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். "என்னில் மணக்கிறதா, மிஸ்?" என்று கேட்டார்கள். "நான் பழுதாகிவிட்டேன்" என்றார்கள். முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி "நான் கிழவியாகிவிட்டேன்" என்றாள். வெளிர்நிறச் சீலைகளையெல்லாம் தங்கைக்குக் கொடுத்துவிட்டுக் கரும்பச்சையும் கருநீலமும் மட்டும் கட்டுகிறவரைத் தெரியும். கல்யாண வீட்டில் வாசல் ஓரக் கதிரையைத் தேடுகிறவரை, பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பதையே நிறுத்திவிட்டவரைத் தெரியும். சிரித்தால் நனையும் என்பதற்காகச் சிரிப்பை அடக்கிய வீட்டில், அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோளாறு இல்லை. பெண்ணின் உடம்பு மூடியும் அடங்கியும் இருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு, மூடாத வாசல் வெட்கமாகத்தான் தெரியும். ஒரு சொட்டுக் கசிவு ஆறு வயதுப் பிள்ளையின் நிலைக்குத் தன்னைத் தள்ளிவிட்டதுபோல் தோன்றும். இந்த வெட்கம் நோயின் அளவோடு ஒத்துப்போவதும் இல்லை. மூன்றாம் நிலை இறக்கத்தோடு சந்தையில் மீன் விற்றவரும் இருக்கிறார், மாதத்தில் இரண்டு தடவை கசிவதற்காக வேலையை விட்டவரும் இருக்கிறார். அதனால் "இவ்வளவுதானே" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

நான் கண்டவரையில் உதவியது இரண்டு. ஒன்று, பார்ப்பது. கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலானோர் ஐந்து பிள்ளை பெற்றும் அந்த இடத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. மனதில் வளர்த்து வைத்திருக்கும் பயங்கரத்தைவிடக் கண்ணாடியில் தெரிவது எப்போதும் சிறியது. மற்றையது, ஒரே ஒருவரிடம் சொல்வது. சொன்ன ஐந்து பேரில் மூன்று பேருக்கு "எனக்கும்தான்" என்று பதில் வந்தது. தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்து என்ன என்று தோன்றினால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள். அங்கே இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"கணவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு சுருங்குகிறது. அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்."

பிரசவத்துக்குப் பின் "முன்போல் இல்லை" என்று அவர் சொல்வாரோ என்ற பயம் பாதி, நடுவில் கசிந்துவிடுமோ என்ற பயம் மீதி. கசிவு அந்த நேரத்திலும் நடக்கலாம். முன்கூட்டியே சலம் கழித்துவிட்டு, ஒரு துவாயை விரித்துக்கொள்ளுங்கள். அடி இறங்கியிருந்தாலும் உறவு கொள்வதால் அது மோசமாகாது. வறட்சி இருந்தால் அதற்கான களிம்பு உண்டு. வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

சொல்லாமல் விலகினால் கணவர்கள் வேறு கணக்குப் போடுகிறார்கள். "என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்" என்று என்னிடமே ஒரு தம்பி சொன்னார். இரண்டு வருடம் தனிப்பாயில் படுத்தவர். மனைவி சொன்ன மறுநாள் கிளினிக்குக்கு ஓட்டோ பிடித்து வந்தார்கள். எல்லாக் கணவரும் அப்படி இல்லை என்பதும் தெரியும். ஏளனம் செய்வார் என்று உங்களுக்குத் தெரிந்தால், முதலில் சொல்ல வேண்டிய ஆள் அவர் அல்ல.

"துணி வைத்துக்கொண்டு கோவிலுக்குப் போகலாமா? துடக்கு இல்லையா?"

சலக்கசிவு துடக்கு இல்லை, வருத்தம். துணியை மாற்றி, கைகால் கழுவிப் போங்கள். கோணேசர் மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கசிகிறது என்றால் நின்று நின்று ஏறுங்கள்; கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"சுஜூதில் குனியும்போது கசிகிறது. தொழுகை கூடுமா?"

கிண்ணியாவிலும் மூதூரிலும் அதிகம் கேட்ட கேள்வி. நான் மார்க்கம் படித்தவள் அல்லள். அங்குள்ள பெண்கள் தாங்கள் கேட்டறிந்ததாகச் சொன்னதை எழுதுகிறேன். ஓயாமல் கசிபவருக்குச் சலுகை உண்டு: தொழுகை நேரம் வந்த பின் சுத்தம் செய்து, துணி வைத்து, வுழூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்து தொழலாம், இடையில் கசிவதால் அந்தத் தொழுகை முறியாது, அடுத்த நேரத்துக்குப் புதிதாக வுழூ. எப்போதாவது கசிபவருக்குச் சட்டம் வேறு. உங்கள் நிலையை விளக்கி மௌலவியிடம் கேளுங்கள், நேரில் கூச்சமாக இருந்தால் வீட்டில் யாரையாவது விட்டுக் கேட்கலாம். பயந்து தொழுகையையே விட்டவர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

"கொழும்புக்கு பஸ்ஸில் போகவே பயம். என்ன செய்வது?"

இரவு ரயிலில் போங்கள், கழிப்பறை இருக்கிறது. பஸ்தான் என்றால் கிளம்பும் முன்னர் தேநீர் வேண்டாம், இருண்ட நிறத்தில் ஒரு மாற்று உள்பாவாடையும் இரண்டு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையில் நிறுத்தும்போது கட்டாயம் இறங்குங்கள். மாதவிடாய்ப் பாட் இரத்தத்துக்குச் செய்தது, சலத்தை அவ்வளவு வேகமாக உறிஞ்சாது. நீண்ட பயணத்துக்குச் சலக்கசிவுப் பாட் தனியாக மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான்.

"வளையம் வைக்கலாம் என்றார்கள். அது என்ன?"

உள்ளே வைத்து இறங்கிய பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் மென்மையான வளையம். சரியான அளவு கிடைத்தால் உள்ளே இருப்பதே தெரியாது. முதல் அளவே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். முக்கும்போது விழுந்தால் அடுத்த அளவு. சிலர் தாங்களே கழற்றிக் கழுவிப் போடப் பழகிக்கொள்கிறார்கள். முடியாதவர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் மாற்றுவார்கள். அந்தத் திகதியை மறக்கக் கூடாது. வருடக்கணக்காக மறந்துவிட்டால் உள்ளே புண்ணாகிவிடும். மணமுள்ள வெள்ளையோ இரத்தமோ கண்டால் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்தானே?"

இல்லை. குற்றம் கர்ப்பப்பையில் இல்லை, ஏணையில். கர்ப்பப்பையை எடுத்த பின்னரும் பிறப்புவாசலின் மேற்பகுதி இறங்கலாம். சத்திரசிகிச்சையில் தளர்ந்த சுவரை இழுத்துத் தைப்பார்கள். தேவையென்றால் கர்ப்பப்பையையும் எடுப்பார்கள், எடுக்காமல் தூக்கிக் கட்டும் முறைகளும் உண்டு. பலருக்கு நல்ல நிம்மதி கிடைக்கிறது. சிலருக்குச் சில வருடங்களில் திரும்ப இறங்குகிறது. பின்னர் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்றால் பேரப்பிள்ளையும் பாரம்தான்.

தளர்ந்த சுவருக்குத் தாங்கலாகச் செயற்கை வலை வைத்துத் தைப்பதைப் பற்றி வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்லிப் பயந்தவர்கள் உண்டு. அடி இறக்கத்துக்குப் பிறப்புவாசல் வழியாக வைக்கும் வலையின் விற்பனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019 ஏப்ரலில் நிறுத்தச் சொன்னது. எல்லாச் சத்திரசிகிச்சையிலும் வலை வைப்பதில்லை. "எனக்கு என்ன முறை, வலை உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் வையுங்கள்.

"பிள்ளை, எனக்கு 63 வயது. பிரஷர் குளிசை மாற்றியதிலிருந்து கூடிவிட்டது. அப்படி நடக்குமா?"

நடக்கும் அம்மா. கேட்டது நல்லது. பிரசோசின் சலவாசலைத் தளர்த்தும். எனலாப்பிரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், இருமல் கசிவைக் கொண்டுவரும். சலம் போகச் செய்யும் குளிசையின் வேலையே அதுதான். சீனி கூடினாலும் அடிக்கடி போகும். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியைக் காட்டிச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். இதை அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் குளித்தால் சரியாகும் என்கிறார்களே?"

குளியுங்கள், நாரி நோவுக்கு இதமாக இருக்கும். வாளி வாளியாக அள்ளி ஊற்றும்போது அடியை இறுக்கிக்கொண்டு அள்ளினால் பயிற்சியும் ஆகும்.

"காற்றை, சில நேரம் மலத்தைக்கூட, அடக்க முடியவில்லை. இதை யாரிடமும் சொல்லவே முடியாது."

என்னிடம் சொல்லிவிட்டீர்கள். பிரசவத்தில் கிழிந்தது பின்வாசலின் வளையத் தசைவரை போயிருந்தால் இப்படி நடக்கும். தையல் போட்டு ஆறியது என்று நினைத்து, பல வருடங்கள் கழித்துத் தெரிய வருவதும் உண்டு. பிரசவ அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். பயிற்சி, மலத்தைக் கெட்டியாக்கும் உணவும் மருந்தும், சிலருக்குத் தசையைத் திரும்பத் தைத்தல் என வழிகள் உண்டு. இந்தப் பட்டியலில் மிகக் குறைவாக வெளியே வரும் கேள்வி இது. வருகிறவர்கள்தான் மிக நீண்ட காலம் தனியாகச் சுமந்தவர்கள்.

"எங்கே போக வேண்டும்? ஆண் வைத்தியர் என்றால் நான் போக மாட்டேன்."

உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் தொடங்குங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக் 1996இல் தொடங்கியது. 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள். அதற்காகப் போகும் அன்று இதையும் சொல்லிவிடலாம். காசு இல்லை. அங்கிருந்து கடிதத்தோடு கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கோ திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கோ போகலாம். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து பாதைப்படகில் வந்து வரிசையில் நின்ற பெண்கள் இன்று விரைவாக வந்துவிடுகிறார்கள். தூரத்தைச் சாட்டாகச் சொல்வது இப்போது கொஞ்சம் கடினம்.

ஆண் வைத்தியராக இருந்தால் பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்கக் கேளுங்கள். பெண் வைத்தியர் எந்த நாளில் இருப்பார் என்றும் கேட்கலாம். கேட்பதற்காக யாராவது முகம் சுளித்தால், சுளித்த முகம் அவர்களுடையது.

"எப்போது உடனே போக வேண்டும்?"

சலத்தில் இரத்தம். மாதவிடாய் நின்ற பின் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும். சலம் அடைத்துக்கொண்டு போகாவிட்டால். இறங்கியது வெளியே நின்று உள்ளே போகாமல் புண்ணானால். காய்ச்சலும் நடுக்கமும் விலா வலியும் சேர்ந்து வந்தால். நாரி வலியோடு கால் சோர்ந்து, உட்காரும் இடம் மரத்து, சலமோ மலமோ தெரியாமல் போனால் அன்றே, இரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

"என் அம்மாவுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் மறைக்கிறார். எப்படிக் கேட்பது?"

"சலம் போகிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். உங்களைப் பற்றிச் சொல்லித் தொடங்குங்கள்: "பிள்ளை பிறந்ததிலிருந்து தும்மினால் எனக்கு அந்தரமாக இருக்கிறது அம்மா, உங்களுக்கு எப்படி இருந்தது?" முதல் நாள் பேச்சை மாற்றுவார். இரண்டாம் நாள் அரிசி புடைத்துக்கொண்டே, உங்கள் முகத்தைப் பார்க்காமல், ஏதாவது சொல்வார். அவர் சொல்லும்போது நீங்களும் அரிசியைப் பாருங்கள்.

அதுவரைக்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மின்குமிழ். கட்டிலடியில் ஒரு மூடியுள்ள வாளி. தோல் அவியாமல் இருக்க வாஸ்லின் களிம்பு ஒரு டப்பா. நிழலில் அரைகுறையாகக் காய்ந்த துணியைத் திரும்ப வைப்பதால்தான் அரைப்புண் வருகிறது. கிணற்றடிக்கு அப்பால், ரோட்டிலிருந்து தெரியாத, வெயில் நன்றாகப் படும் இடத்தில் தனிக்கொடி ஒன்று கட்டிக் கொடுங்கள். எதற்கென்று அவர் கேட்க மாட்டார்.